ஜப்பானியரின் போர்க்கலையும் பௌத்த சீலமும்



ஜங்லிகாட்டில் நடைபெறும் நம் பௌர்ணமிக் கூட்டங்களில் அண்மைக் காலமாக இரண்டு வினாக்கள் மீண்டும் மீண்டும் எழுந்து வருகின்றன. முதலாவது, தாய்மார் எழுப்பும் வினா. "எங்கள் பிள்ளைகள் கராத்தே, ஜூடோ முதலிய ஜப்பானியச் சண்டைக் கலைகளைப் பயில விரும்புகின்றனர். பஞ்சசீலம் ஏற்ற குடும்பத்தார் இதற்கு இடங்கொடுக்கலாமா?" என்பது அது. இரண்டாவது, முதியோர் எழுப்பும் வினா. "1942 முதல் 1945 வரை இத்தீவுகளை ஆண்ட ஜப்பானியரும் புத்தரை வணங்கும் நாட்டினர்தாமே? அவர்கள் இம்மண்ணில் செய்தவற்றை எம் பெற்றோரும் பாட்டன்மாரும் சொல்லக் கேட்டு வளர்ந்தோம். புத்த தருமம் அவர்களை ஏன் தடுக்கவில்லை?" என்பது அது.

இவ்விரண்டும் வேறு வேறு வினாக்கள் போலத் தோன்றினும், வேர் ஒன்றே. கையில் ஆற்றல் வந்த மனிதன் எப்பொழுது நிற்கிறான், எப்பொழுது நிற்காமற் போகிறான் என்பதே அவ்வேர். இரண்டாம் வினாவை மழுப்பிவிட்டு முதல் வினாவுக்கு விடை கூறுதல் நேர்மையாகாது. ஆதலின் இப்பாடத்தில் அக்கலைகளின் பொருளையும், அவை வளர்ந்த வரலாற்றையும், அவை எவ்விடத்தில் வழி தவறின என்பதையும் முறையாக ஆராய்ந்து, பின்னர் விடைக்கு வருவோம்.

1. சொல்லும் பொருளும்

ஜப்பானியர் தம் போர்க்கலைகளை எல்லாம் சேர்த்துப் 'புடோ' என்பர். 'பு' என்பது போர், வீரம் எனப் பொருள்படும். 'டோ' என்பது வழி, மார்க்கம், நெறி எனப் பொருள்படும். 'பு' என்னும் எழுத்து சீனத்திலிருந்து சென்றது. அதனுள் இரண்டு சிறு வடிவங்கள் அடங்கியுள்ளன. ஒன்று ஈட்டி போன்றதொரு படைக்கலம். மற்றொன்று 'நிற்றல்' என்பதைக் குறிக்கும் குறி. ஆகவே ஈட்டியை நிறுத்துவதே வீரம் என்று பழஞ்சீனர் அவ்வெழுத்திற்கு விளக்கங் கூறினர்.

இவ்விளக்கம் 'சுவோ சுவான்' என்னும் பழைய வரலாற்று நூலில் காணப்படுகிறது. கி.மு. 597ஆம் ஆண்டு சூ நாட்டு மன்னன் சுவாங் பெரும் போரில் வென்றபொழுது, பகைவரின் பிணங்களைக் குவித்து வெற்றி மேடு எழுப்பலாம் என அமைச்சர் ஒருவர் கூறினாராம். மன்னன் அதற்கு இசையாது, அவ்வெழுத்தின் பொருளை எடுத்துக்காட்டி, படைக்கலத்தை ஓயச் செய்தற்கே படை என்று விடையிறுத்தானாம். கலிங்கப் போருக்குப் பின் நம் அசோக மன்னர் அடைந்த மனமாற்றம் இவ்விடத்தில் நம் நினைவிற்கு வருதல் இயல்பே.

ஆயின் ஆராய்ச்சி அதனோடு முடியவில்லை. ஆமையோட்டிலும் எலும்பிலும் பொறிக்கப்பட்ட மிகப் பழைய சீன எழுத்துகளை ஆராய்ந்த அறிஞர், 'நிற்றல்' எனக் கொள்ளப்பட்ட அக்குறி தொடக்கத்தில் மனிதனின் காலடியையே குறித்தது என்று காட்டினர். அவ்வாறாயின் படைக்கலம் ஏந்தி முன்னேறிச் செல்லுதல் என்பதே அவ்வெழுத்தின் முதற்பொருள் ஆகும்.

அன்பர்களே, இதனை நன்கு மனத்திற் கொள்க. எழுத்து ஒன்றே, ஒருவன் அதனை 'ஈட்டி நடக்கிறது' என்று படிக்கலாம், மற்றொருவன் 'ஈட்டி நிற்கிறது' என்று படிக்கலாம். ஜப்பானியப் போர்க்கலையின் வரலாறு முழுவதும் இவ்விரு படிப்புகளுக்கும் இடையே நிகழ்ந்த போராட்டமே என்றால் மிகையாகாது.

இன்னும் ஒரு சொல் உண்டு. இக்கலை பயிலும் கூடத்தை 'டோஜோ' என்பர். இன்று நம் சிறுவர்களும் அறிந்த சொல் இது. ஆனால் இது போர்க்களத்தில் பிறந்த சொல்லன்று. 'போதிமண்டலம்' என்னும் பௌத்தச் சொல்லைச் சீனர் தம் மொழியில் பெயர்த்தமைத்ததே ஜப்பானியர் நாவில் டோஜோ ஆயிற்று. பகவான் போதி மரத்தடியில் அமர்ந்து மாரனை வென்ற இடமே போதிமண்டலம். அங்கு அவர் எவர்மீதும் கை ஓங்கவில்லை. கையைத் தாழ்த்தி நிலத்தைத் தொட்டார். டோஜோவிற்குள் நுழையும் மாணவன் எந்த இடத்தின் பெயரைத் தாங்கிய கூடத்தில் நிற்கிறான் என்பதை அறிதல் வேண்டும்.

2. போதிதருமர் பற்றிய கதை

தமிழ் மக்களிடையே, சிறப்பாக 2011ஆம் ஆண்டு வெளிவந்த 'ஏழாம் அறிவு' என்னும் திரைப்படத்திற்குப் பின், காஞ்சியிற் பிறந்த போதிதருமரே சீனத்திற்கும் ஜப்பானுக்கும் சண்டைக்கலையைக் கொடுத்தவர் என்னும் நம்பிக்கை பரவியிருக்கிறது. இதைக் கேட்டுப் பெருமையடையும் இளைஞர் பலர். பெருமை கொள்வதற்கு முன் உண்மையை அறிவது பௌத்தனின் கடமை.

போதிதருமரைப் பற்றிய மிகப் பழைய குறிப்பு, கி.பி. 547 அளவில் யாங் சுவான்-சி என்பார் எழுதியது. அது அவரை மேற்கு நாட்டிலிருந்து வந்த பாரசீகர் என்கிறது. அதன்பின் வந்த தான்லின் என்பாரின் குறிப்பு, அவர் தென்னிந்திய மன்னர் ஒருவரின் மூன்றாம் மகன் என்கிறது. காஞ்சி என்பது பிற்கால மரபு. இப்பழைய குறிப்புகளில் கைச்சண்டை பற்றி ஒரு சொல்லும் இல்லை. அவரைச் சண்டைக்கலையோடு இணைப்பதற்கு ஆதாரமாகக் காட்டப்படும் 'இ-சின் சிங்' என்னும் உடற்பயிற்சி நூல் 1624ஆம் ஆண்டைத் தாங்கியது. அவர் காலத்திற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்டது. சீன அறிஞர் தாங் ஹாவ் 1930ஆம் ஆண்டளவிலேயே இக்கதையை ஆராய்ந்து மறுத்துவிட்டார்.

இதனால் நாம் எதையும் இழந்துவிடவில்லை. போதிதருமர் கொடுத்ததாக எல்லா மரபும் ஒருமுகமாகக் கூறுவது தியானத்தையே. சுவரை நோக்கி அமர்ந்து தன் மனத்தோடு போரிட்ட ஒருவரைக் குத்துச்சண்டை ஆசானாகக் காட்டுவது அவருக்குப் பெருமை சேர்ப்பதாகாது.

3. 'ஜுட்சு' எவ்வாறு 'டோ' ஆயிற்று

ஜப்பானில் பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் சாமுராய் என்னும் போர்வீரர் வகுப்பார் ஆட்சியைக் கைப்பற்றினர். அதே காலத்தில் எய்சாய் என்னும் பிக்கு 1191ஆம் ஆண்டு சீனத்திலிருந்து திரும்பி வந்து ஜென் பௌத்தத்தைப் பரப்பினார். நாள்தோறும் மரணத்தை எதிர்நோக்கிய வீரர்களுக்கு மன உறுதி தரும் அப்பயிற்சி பிடித்துப்போயிற்று. பின்வந்த நூற்றாண்டுகளில் நாடெங்கும் உள்நாட்டுப் போர் மூண்டு, வாள், ஈட்டி, வில், வெறுங்கை ஆகியவற்றிற்குத் தனித்தனி வித்தைகள் பெருகின. இவற்றை 'ஜுட்சு' என்றனர். ஜுட்சு என்பது தொழில்நுட்பம், வித்தை. கொல்லவும் கொல்லப்படாதிருக்கவும் கற்கும் வித்தை அது, அவ்வளவே.

1603ஆம் ஆண்டு தொகுகாவா குடியினரின் ஆட்சி அமைந்தது. அதன்பின் இரண்டரை நூற்றாண்டுக் காலம் நாட்டில் பெரும்பாலும் அமைதி நிலவிற்று. போரில்லாத நாட்டில் வாளேந்தியவனுக்கு வேலை யாது? இவ்வினாவே அக்கலையின் போக்கை மாற்றிற்று. வாளாசான் யாக்யு முனெனோரி 1632ஆம் ஆண்டு எழுதிய நூலில், கொல்லும் வாள், வாழ்விக்கும் வாள் என இருவகை வாள்களைப் பிரித்துப் பேசினார். பதினெட்டாம் நூற்றாண்டில் மூங்கில் வாளும் காப்புக் கவசமும் பயிற்சிக்கு வந்தன. ஒருவரையொருவர் முழு வலிமையோடு அடித்துப் பழகியும் உயிருக்கு ஊறு நேராத முறை பிறந்தது.

1868இல் பழைய ஆட்சி வீழ்ந்தது. 1876இல் பொதுவிடங்களில் வாள் அணிதல் தடை செய்யப்பட்டது. வாளாசான்கள் வறுமையுற்றனர். பழைய வெறுங்கை வித்தையாகிய ஜியு-ஜிட்சுவை மக்கள் முரடர்களின் வித்தை என்று இகழத் தொடங்கினர். அந்நேரத்தில் கானோ ஜிகோரோ (1860–1938) என்னும் இளைஞர், 1882ஆம் ஆண்டு டோக்கியோவில் எய்ஷோ-ஜி என்னும் பௌத்தக் கோயிலில், பன்னிரண்டு பாய்கள் விரித்த ஒரு சிறு கூடத்தில் தம் பள்ளியைத் தொடங்கினார். ஜியு-ஜிட்சுவில் உயிருக்குக் கேடு தரும் அடிகளைப் போட்டிப் பயிற்சியிலிருந்து நீக்கி, எறிதல், பிடித்தல் ஆகியவற்றை ஒழுங்குபடுத்தி, அதற்கு 'ஜூடோ' எனப் பெயரிட்டார். 'ஜூ' என்றால் மென்மை, வளைந்து கொடுத்தல். வித்தை மார்க்கமாயிற்று. ஆற்றலை நன்முறையிற் செலவிடுதல், தானும் பிறரும் கூடி வளம் பெறுதல் என இரண்டு கொள்கைகளை அவர் தம் மாணவர்க்கு வகுத்தார்.

கராத்தேயின் கதையும் இவ்வாறே. அது ஜப்பானின் தெற்கே உள்ள ஓகினாவா தீவில் சீனத் தொடர்பினால் வளர்ந்த கைவித்தை. அத்தீவின் பள்ளி ஆசிரியர் புனாகோஷி கிச்சின் (1868–1957) 1922இல் அதனை டோக்கியோவிற்குக் கொண்டு சென்றார். அதுவரை 'கரா' என்பதைச் 'சீனம்' எனப் பொருள்படும் எழுத்தால் எழுதிவந்தனர். 1930க்குப் பிந்திய ஆண்டுகளில் அதே ஓசையுடைய 'வெறுமை' என்னும் எழுத்தால் எழுதும் வழக்கம் நிலைபெற்றது. படைக்கலமில்லாத வெறுங்கை என்பது அதன் வெளிப்பொருள். பௌத்தர் 'சூனியதை' என்று கூறும் தத்துவத்தைக் குறிப்பதும் அதே எழுத்தே. மாணவன் தன் மனத்திலிருந்து தன்னலத்தையும் தீய எண்ணத்தையும் வெறுமையாக்கல் வேண்டும், முதலடி தன்னுடையதாக இருத்தல் கூடாது என்பது புனாகோஷியின் போதனை.

இதுவரை கேட்டவர்கள் ஈட்டி நின்றுவிட்டது என்று எண்ணக்கூடும். ஆனால் அதே காலத்தில் அரசாங்கத்தின் கை இக்கலைகளின்மேல் விழுந்தது. 1895இல் கியோட்டோவில் போர்க்கலைகளுக்கான பேரவை ஒன்று நிறுவப்பட்டது. 1911இல் நடுநிலைப் பள்ளிகளில் வாள்வித்தையும் ஜியு-ஜிட்சுவும் கற்பிக்க இசைவு தரப்பட்டது. 1931இல் அப்பள்ளி மாணவர்க்கு அவை கட்டாயப் பாடங்களாயின. 'டோ' என்னும் அழகிய பெயர் அப்படியே இருந்தது. ஆயின் அம்மார்க்கம் சென்று சேரும் இடம் போர்க்களமாக மாற்றப்பட்டது. தன்னை வெல்லுதல் என்ற பாடம், ஆணையிட்டவுடன் தன்னை மறந்து சாவதும் கொல்வதும் என்ற பாடமாயிற்று.

4. வாளும் சூனியமும்

இங்கே நம் தருமத்தின் மேல் விழும் பழியை நாம் நேராக நோக்குதல் வேண்டும். அரசாங்கம் மட்டும் இதனைச் செய்யவில்லை; பிக்குகளும் துணை நின்றனர்.

தாகுவான் (1573–1645) என்னும் புகழ்பெற்ற ஜென் பிக்கு, முன்னர்க் கூறிய யாக்யு முனெனோரிக்கு நீண்ட மடல் ஒன்று வரைந்தார். மனம் எதிரியின் வாளிலோ, தன் வாளிலோ, வெற்றியிலோ ஒட்டி நிற்காது ஓடும் நீர் போல் இயங்குதல் வேண்டும் என்று அதில் கற்பித்தார். மனப்பயிற்சி என்ற அளவில் இது ஆழ்ந்த பாடமே. ஆனால் வெட்டுபவனும் வெறுமை, வாளும் வெறுமை, வெட்டுண்பவனும் வெறுமை என்ற கருத்தும் அம்மடலில் உள்ளது. இக்கருத்தைப் பற்றிக்கொண்டு, கொலையில் கொலையாளியும் இல்லை, கொலையுண்டவனும் இல்லை என்று பிற்காலத்தார் போருக்குச் சமாதானம் கூறினர்.

இது பகவான் புத்தர் அருளிய தருமமா? அன்று. திக நிகாயத்தில் சாமஞ்ஞபல சூத்திரம் என்று ஒன்று உண்டு. அங்கே, தந்தையைக் கொன்ற அஜாதசத்து மன்னன், தான் முன்பு சந்தித்த ஆசிரியர்களின் கொள்கைகளைப் பகவானிடம் எடுத்துரைக்கிறான். அவர்களில் பகுத கச்சாயனர் என்பாரின் கொள்கை யாதெனில், கூரிய வாளால் ஒருவன் தலையைத் துணித்தாலும் அங்கே எவரும் எவரையும் கொல்லவில்லை. அழியாத ஏழு பொருள்களின் இடைவெளியில் வாள் புகுந்து செல்கிறது, அவ்வளவே என்பதாம். இக்கொள்கை நம் திரிபிடகத்தில் பிறர் மதமாக, தவறான காட்சியாகவே வைக்கப்பட்டுள்ளது. இரண்டாயிரம் ஆண்டுகள் கழித்து அதே கொள்கை பௌத்த உடை அணிந்து வந்தால் நாம் மயங்குவதா?

இன்னும் ஒன்று. சம்யுத்த நிகாயத்தில் போர்வீரர் தலைவன் ஒருவன் பகவானை அணுகி, போர்க்களத்தில் முனைந்து போரிட்டு மடியும் வீரன் தேவருலகம் புகுவான் என்று முன்னோர் கூறுவது உண்மையோ என வினவுகிறான். பகவான் இருமுறை விடை கூறாது தவிர்க்கிறார். மூன்றாம் முறையும் அவன் வற்புறுத்தவே, பிறர் அழிக என்னும் எண்ணத்தோடு மடிபவனின் மனம் முன்னரே தாழ்ந்துவிட்டது என்றும், அவன் செல்லுமிடம் நரகமே என்றும் கூறுகிறார். அவ்வீரன் அழுதுவிடுகிறான், இதுநாள்வரை பெரியோர் தன்னை ஏமாற்றினரே என்றுதான் அழுகிறான்.

சீலம், சமாதி, பிரக்ஞை என்பது பகவான் வகுத்த வரிசை. சீலத்தை முன்வைத்த காரணம் இப்பொழுது விளங்குகிறதன்றோ? நானும் முன்னாளில் பஞ்சாலையில் தறியருகே நின்றவன். அங்கு கண்ட ஒன்றைக் கூறுகிறேன். விசைத்தறியில் ஒவ்வொரு பாவு இழையின் மேலும் ஒரு மெல்லிய தகடு தொங்கும். இழை ஒன்று அறுந்தால் அதன் தகடு கீழே விழும். விழுந்தவுடன் தறி தானே நின்றுவிடும். தறியின் வேகத்தை அத்தகடு கூட்டுவதில்லை. துணியை நெய்வதும் இல்லை. எனினும் அது இல்லையேல் வேகம் மிகுந்த தறியே துணியை மிகுதியாகக் கெடுக்கும். சமாதி மனத்திற்கு வேகமும் ஒருமுகமும் தருவது. சீலம் அத்தகடு போன்றது. ஓர் உயிருக்குத் துன்பம் நேரும் கணத்தில் கையை நிறுத்துவது. தகட்டைக் கழற்றிவிட்டுத் தறியை ஓட்டியதே ஜப்பானில் நேர்ந்த பிழை.

5. நம் தீவுகளில் நிகழ்ந்தது

நாம் வாழும் நகரம் முன்னர்ப் போர்ட் பிளேர் எனப்பட்டது. 2024ஆம் ஆண்டு ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. ஜப்பானியப் படை இங்கு 1942ஆம் ஆண்டு மார்ச்சு 23ஆம் நாள் எதிர்ப்பின்றி இறங்கிற்று. சில நாட்களுக்குள், வீடு புகுந்து பொருள் கவர்ந்த சிப்பாய்களின் மேல் சுல்பிகர் அலி என்னும் இளைஞர் காற்றுத் துப்பாக்கியால் சுட்டார். எவருக்கும் காயமில்லை. அவரைப் பிடித்து மைதானத்திற்கு இழுத்துச் சென்று, பலர் காண, எலும்பு முறியும்வரை கைகளை முறுக்கிப் பின்னர்ச் சுட்டுக் கொன்றனர். அதே ஆண்டில் மேஜர் பேர்டு என்னும் ஆங்கில அதிகாரி ஒற்றர் எனக் குற்றஞ்சாட்டப்பட்டு வாளால் தலை துணிக்கப்பட்டார்.

ஜூடோவில் முழங்கை மூட்டை மடக்கும் பிடி உண்டு. பிடியில் அகப்பட்டவன் கையாலோ காலாலோ இருமுறை தட்டினால், பிடித்தவன் அக்கணமே விட்டுவிடல் வேண்டும். இது அக்கலையின் மாறாத ஒழுங்கு. இதனை மீறுபவன் மாணவனாகக் கருதப்படான். கூடத்தில் இந்த ஒழுங்கு. மைதானத்தில் அந்தக் கொடுமை. இரண்டும் ஒரே நாட்டார் செய்தவை. கைக்கு வலிமை இருந்தது. தட்டும் ஓசையைக் கேட்கும் காது மட்டும் இல்லாமற் போயிற்று.

மருத்துவரும் பஞ்சாபிக் கவிஞருமான திவான் சிங், இங்கு இந்தியச் சுதந்திர சங்கத்தின் தலைவராக இருந்தவர். அவரைச் செல்லுலர் சிறையில் அடைத்துப் பல வாரங்கள் வதைத்தனர்; 1944 ஜனவரி 14ஆம் நாள் அவர் உயிர் துறந்தார். அதே மாதம் 30ஆம் நாள் ஹம்ப்ரிகஞ்சில் 44 பேர் ஒற்றர் என்ற பெயரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதற்கு ஒரு மாதம் முன்னர்தான், 1943 டிசம்பர் 30ஆம் நாள், நேதாஜி சுபாஸ் சந்திர போஸ் இந்நகரில் கொடியேற்றினார். சிறைக்குள் நடந்தவற்றை அவர் காணும்படி விடவில்லை. 1945 ஆகஸ்டில், உணவு குறைந்துவிட்ட நிலையில், நூற்றுக்கணக்கான மக்களைக் கப்பலேற்றி, இன்று சுவராஜ் தீவு எனப்படும் ஹாவ்லாக் தீவின் அருகே கடலில் இறக்கிவிட்டனர். மிகப் பலர் மூழ்கி மாண்டனர். 1945 அக்டோபரில் இந்நகரிலேயே ஜப்பானியப் படை முறைப்படி சரணடைந்தது. கார்பின்ஸ் கோவ் செல்லும் கடற்கரைச் சாலையில் அவர்கள் கட்டிய பதுங்கு அறைகளை இன்றும் காணலாம்.

இவற்றைக் கூறுவது பகை வளர்ப்பதற்காக அன்று. 1951இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த சமாதான மாநாட்டில், இலங்கையின் பிரதிநிதி ஜே. ஆர். ஜெயவர்த்தனா, பகையால் பகை தணியாது என்னும் பகவானின் போதனையை நினைவூட்டி, ஜப்பானிடம் தம் நாடு இழப்பீடு கோரவில்லை என அறிவித்தார். அதுவே நம் நிலையும். ஆயினும் பகையை விடுதல் வேறு; உண்மையை மறத்தல் வேறு.

6. போருக்குப் பின்

தோல்விக்குப் பின் ஜப்பானை ஆண்ட நேச நாட்டார் போர்க்கலைப் பாடங்களைப் பள்ளிகளிலிருந்து நீக்கினர். 1946இல் போர்க்கலைப் பேரவையும் கலைக்கப்பட்டது. 1950இல் ஜூடோ பள்ளிக்குத் திரும்பிற்று. 1952இல் கெண்டோ என்னும் மூங்கில் வாள் பயிற்சிக்குப் புதிய சங்கம் அமைந்தது. 1964இல் டோக்கியோ ஒலிம்பிக் பந்தயத்தில் ஜூடோ முதன்முறையாக இடம் பெற்றது. அங்கே எடை வரம்பில்லாப் பிரிவின் இறுதிப் போட்டியில், ஆலந்து நாட்டு அன்டன் கீசிங் என்பார் ஜப்பானிய வீரரை அவர் நாட்டிலேயே வென்றார். மகிழ்ச்சி மிகுதியால் அவர் நாட்டார் பாயின்மேல் பாய்ந்து வர முற்பட்டனர். கீசிங் கையை உயர்த்தி அவர்களை நிறுத்தினார்; பின்னர்த் தோற்றவரை முறைப்படி வணங்கினார். பழஞ்சீன மன்னன் பிண மேட்டை மறுத்ததற்கும் இதற்கும் உள்ள ஒற்றுமையை நோக்குக. வென்ற கணத்தில் நிற்பதே அக்கலையின் முதிர்ச்சி.

தருமத் துறையிலும் மனமாற்றம் வந்தது. ஆனால் தாமதித்தே வந்தது. ஜென் பௌத்தத்தின் பெரும் பிரிவுகளில் ஒன்றாகிய சோட்டோ பிரிவு, போருக்குத் துணை நின்றமைக்கு 1992இல் வெளிப்படையாக வருந்தி அறிக்கை விடுத்தது. 2001இல் ரின்சாய் பிரிவின் மியோஷின்-ஜி மடமும் அவ்வாறே செய்தது. எதிர்த்து நின்ற பிக்குகளும் இல்லாமல் இல்லை. சோட்டோ பிக்குவாகிய உச்சியாமா குடோ, ஏழை உழவர் சார்பிலும் அரசின் அடக்குமுறைக்கு எதிராகவும் எழுதினார், 1911இல் தூக்கிலிடப்பட்டார். அப்பொழுது அவரை விலக்கிய பிரிவு, 1993இல் அவருடைய பிக்கு நிலையை மீட்டுக் கொடுத்தது. தருமம் தடுக்கவில்லையே என்று வினவும் முதியோர்க்கு இதுவே நம் விடை. தருமம் தடுத்தது, தருமத்தின் பெயரைத் தாங்கியவர்கள் அதன் முதற்படியைத் தாண்டி இரண்டாம் படியில் ஏறிக்கொண்டனர்.

7. தாய்மாரின் வினாவிற்கு விடை

இனி முதல் வினா. பிள்ளைகள் இக்கலையைப் பயிலலாமா?

கொலை என்னும் தீவினை நிறைவுற ஐந்து உறுப்புகள் வேண்டும் என்று தேரவாத உரையாசிரியர் வகுத்துள்ளனர். உயிர் ஒன்று இருத்தல், அஃது உயிரென்று அறிதல், கொல்லும் எண்ணம், அதற்கான முயற்சி, அதனால் சாவு நேர்தல் என்பன அவை. பயிற்சிக் கூடத்தில் தோழனை எறிந்து தூக்கிவிடும் சிறுவனிடம் கொல்லும் எண்ணம் இல்லை. எண்ணமே வினை என்பது பகவானின் வாக்கு. ஆதலின் பயிற்சி தன்னளவில் முதற் சீலத்தை உடைப்பதாகாது.

தற்காப்புப் பற்றி விநயமே ஒரு வழி காட்டுகிறது. பிக்கு ஒருவர் சினத்தால் மற்றொரு பிக்குவை அடித்தல் குற்றம் என்று விதித்த அதே இடத்தில், இடுக்கண் நேர்ந்தபொழுது தப்பிச் செல்லும் நோக்கத்தோடு கொடுத்த அடி குற்றமாகாது என விலக்கும் கூறப்பட்டுள்ளது. பிக்குவுக்கே இவ்விலக்கு உண்டெனில், இருட்டிய பின் வேலையினின்று தனியே வீடு திரும்பும் நம் பெண்பிள்ளை தன்னைக் காத்துக்கொள்ளக் கற்பதில் தடை யாது? ஆயின் 'தப்பிச் செல்லும் நோக்கம்' என்னும் எல்லையை நினைவிற் கொள்க. தப்பிய பின்னும் தொடரும் அடி அவ்வெல்லைக்கு அப்பாற்பட்டது.

ஆகவே பெற்றோர் கவனிக்க வேண்டியவை இவை. முதலாவது, ஆசானைப் பாருங்கள். மாணவன் தட்டியவுடன் விடச் செய்கின்றாரா, அல்லது வலியைத் தாங்கினால்தான் வீரம் என்கின்றாரா? இரண்டாவது, பிள்ளையைப் பாருங்கள். பயிற்சி தொடங்கி ஆறு மாதத்தில் தம்பி தங்கையரிடம் அவன் கை தணிந்ததா, ஓங்கிற்றா? மூன்றாவது, கூடத்திற்குச் செல்லுமுன் பஞ்சசீலத்தை வாயாற் சொல்லச் செய்யுங்கள். வாய்ப்பாடாக அன்று, பொருளுணர்ந்து. நான்காவது, பட்டையின் நிறம் மாறுவதைக் கொண்டாடுமுன், சினம் வந்த வேளையில் அவன் நின்ற ஒரு நிகழ்ச்சியைக் கேட்டறிந்து அதனைக் கொண்டாடுங்கள். நம் சிலம்பம் பயிலும் பிள்ளைகளுக்கும் இவை பொருந்தும்.

அங்குலிமாலனின் வரலாற்றை நாம் அனைவரும் அறிவோம். விரல் மாலை அணிந்த அக்கொலைஞன் முழு வேகத்தோடு ஓடியும், மெல்ல நடந்து சென்ற பகவானை எட்ட முடியவில்லை. நில் என்று அவன் கூவியபொழுது, தாம் நின்றுவிட்டதாகவும், நில்லாதவன் அவனே என்றும் பகவான் விடை பகர்ந்தார். எல்லா உயிர்களிடத்தும் தண்டத்தைக் கீழே வைத்துவிட்டவர் நடந்தாலும் நின்றவரே. வைக்காதவன் நின்றாலும் ஓடுகின்றவனே. அன்றே அவன் வாளை எறிந்தான். பின்னர்ப் பிக்குவாகி அருகத நிலையும் எய்தினான்.

ஈட்டியை நிறுத்துதல் என்று சீனர் எழுத்திற் கண்டதும், கானோ பாயில் வகுத்ததும், புனாகோஷி வெறுங்கையில் உணர்த்தியதும், பகவான் அன்று அக்காட்டு வழியில் சொன்ன அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கும். நம் பிள்ளைகள் கைகளுக்கு வலிமை தேடட்டும்; அதற்கு முன் நிற்கக் கற்கட்டும். அவ்வாறு கற்பவர் பயிலும் கூடம் பெயருக்கேற்பப் போதிமண்டலமே ஆகும்.

எல்லா உயிர்களும் அச்சம் நீங்கி வாழ்க.

சாது! சாது! சாது!